வெள்ள நேரத்தில் போன் படுத்தால் என்ன செய்வது?

அண்ணாமார், அக்காமார், டவர் வேலை தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

நாங்கள் கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பக்கம். 2018 மார்கழி வெள்ளம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கிறார்கள் என்றால் ஊரே ஒரே நேரத்தில் போனை எடுக்கும், அழைப்புப் போகாது. கரண்டும் நின்றால் டவர் பற்றரி சில மணித்தியாலம்தான். பிறகு ஜெனரேற்றருக்கு டீசல் கொண்டுபோக வீதி இருந்தால்தானே!

எஸ்எம்எஸ் மட்டும் பிந்தியாவது போய்ச் சேரும். அழைப்பைப் போல அது லைனைப் பிடித்து வைத்திருப்பதில்லை. ஆனால் அதை வாசிக்க எங்கள் அம்மம்மாமாருக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

அதனால் ஊர்க் குழுவுக்கு வோக்கிடோக்கி எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும் என்று தெரியும். வன்னியில் அப்படி எடுத்த சங்கம் ஏதும் இருக்கிறதா? விண்ணப்பத்தை யார் பெயரில் போட்டீர்கள்? மரங்கள் அடர்ந்த இடத்தில் எவ்வளவு தூரம் கேட்கிறது?

117க்கு (இடர் முகாமைத்துவ நிலையம்), 1990க்கு (அம்புலன்ஸ்) அடியுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கும் சிக்னல் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடிவெடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.