உறைந்த தரையில் உலோகங்காட்டி ஓயாமல் ஒலிக்கிறது: பனிக்குள் விழுந்த மோதிரத்தைத் தேட உதவி தேவை

கேள்வி (ஸ்காபரோவாசி):
வணக்கம். என் மனைவி பனி வழித்துக்கொண்டிருந்தபோது, கழற்றிய கையுறையோடு சேர்ந்து அவருடைய 22 கரட் மோதிரமும் விழுந்துவிட்டது. வழித்த பனி முழுவதும் முன்வளவுப் புல்தரையில் இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கிறது. வாடகைக்கு எடுத்த உலோகங்காட்டி வீட்டுக்குள் ஒழுங்காக இருக்கிறது. வெளியே −12 பாகைக் குளிரில், குறிப்பாக வீதியோரத்தில், காரணமின்றி ஒலிக்கிறது. பற்றரியும் விரைவில் இறங்கிவிடுகிறது. ஒலித்த இடத்தைத் தோண்டவும் முடியவில்லை, மண் அவ்வளவு இறுகியிருக்கிறது. பனி உருகும்வரை காத்திருப்பதுதான் வழியா?

பதில் (பழைய தேடுநர்):
தோண்ட வேண்டாம், ஐயா. உறைந்த மண்ணுக்குள் மோதிரம் இறங்கியிருக்க வழியில்லை. அது பனிக்குள்ளோ, பனிக்கும் புல்லுக்கும் இடையிலோதான் இருக்கும். ஆகவே கருவி ஆழமாகப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, உணர்திறனை அரைவாசிக்கும் கீழே குறைத்துவிடுங்கள்.

பொய் ஒலிக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வீதிக்கு இடும் உப்பு கலந்த சகதி −12 பாகையிலும் முழுமையாக உறையாது. அந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி அதையும் உலோகம்போல் உணர்கிறது. சூடான வீட்டிலிருந்து கொண்டுவந்த தேடுவட்டு (கருவியின் அடியில் தரைமேல் நகர்த்தும் வட்டு) குளிரும்போது அதன் சமநிலை நகர்ந்துவிடும் என்பதால், கருவியைச் சிறிது நேரம் வெளியே வைத்திருந்த பின்னரே மண்ணுக்கேற்பச் சமன்செய்ய வேண்டும். மூன்றாவதாக, கல்போன்ற தரையில் வட்டு மோதினாலே சில கருவிகள் ஒலிக்கும். இரும்பு மூக்குள்ள சப்பாத்து அணிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்; இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

ஸ்காபரோவாசி:
மிக்க நன்றி. சப்பாத்து இரும்பு மூக்குள்ளதுதான். இரும்பு, குப்பை என்று கருவி பிரித்துக் காட்டுவதை நம்பலாமா?

பழைய தேடுநர்:
தங்க மோதிரத்தைத் தேடும்போது நம்பக் கூடாது. உலோகத்துக்கு ஏற்பக் கருவியின் திரையில் ஓர் எண் தோன்றும்; மோதிரங்கள் பெரும்பாலும் அலுமினியத் தாளும் பானப் பேணியின் இழுவளையமும் காட்டும் எண்களுக்குள்ளேயே விழும். குப்பையை விலக்கினால் மோதிரமும் விலகிவிடும். ஏறத்தாழ அதே அளவுள்ள இன்னொரு 22 கரட் மோதிரத்தை நீண்ட நூலில் கட்டிப் பனிக்கடியில் வைத்து, அது எழுப்பும் ஒலியையும் எண்ணையும் முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு உப்புப் படாத இடத்தில் ஒரு தறப்பாளை விரித்து, குவியலை மேலிருந்து பிளாஸ்ரிக் சவலால் சிறிது சிறிதாக எடுத்து, ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி, ஒவ்வொரு பரப்பையும் குறுக்கும் நெடுக்குமாகத் தேடுங்கள். சோதித்த பனியைத் தனியே கொட்டுங்கள். குவியல் முடிந்ததும் அதன் அடியிலுள்ள புல்லையும் பார்க்க வேண்டும். உருகும்வரை விட்டால் இளகிய மண்ணில் கால்பட்டு மோதிரம் புதையும். ஓரத்தில் கிடந்தால் நீரோடு வடிகாலுக்கும் போகக்கூடும்.

இன்னொருவர் (மின்வேலைக்காரர்):
பற்றரி குறித்து ஒரு சொல். சாதாரண அல்கலைன் பற்றரி குளிரில் பெருமளவு வலுவிழக்கும். கருவி ஏஏ அளவை ஏற்குமானால், மீள மின்னேற்ற முடியாத லித்தியம் வகை −40 பாகை வரை தாங்கும். உள்ளே மின்னேற்றும் பற்றரி உள்ள கருவியானால், உறைநிலைக்குக் கீழ் இருக்கும்போது மின்னேற்றவே கூடாது, பற்றரி நிரந்தரமாகப் பழுதாகும். வீட்டுக்குள் கொண்டுவரும்போது கருவியைப் பையில் மூடியபடியே சில மணிநேரம் விடுங்கள். உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும்.