ஆக்சஸ் ஃபார்மில் கலர் ரூல்: முடிந்துபோன லைசன்ஸ் சிவப்பாகவே மாட்டேன் என்கிறது

ரேம்ப்_கிராணி, ஊத்தான் மெலிந்தாங்:

வணக்கம். நான் செம்பனைப் பழம் வாங்கி மில்லுக்கு அனுப்பும் ஒரு ரேம்ப்பில் கிராணி, அதாவது எழுத்தர். சுற்றுவட்டாரச் சிறுதோட்டக்காரர்கள் லாரியிலும் டிராக்டரிலும் குலை கொண்டுவந்து கொட்டுவார்கள். திம்பாங் சீட்டை, அதாவது எடைச் சீட்டைப் பார்த்து நான் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸில் ஏற்றுவேன். ஏற்றுவதற்கான இந்த ஃபார்மை (விவரம் நிரப்பும் திரை) செய்தது எனக்கு முன்னால் இருந்தவர். அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், போன் அடித்தால் எடுப்பதில்லை.

ஆக்சஸ் 2016, கன்டினியூஸ் ஃபார்ம், ஒரு லோடுக்கு ஒரு வரி. லாரி நம்பர், தோட்டக்காரர், லைசன்ஸ் முடியும் தேதி, தரம், வெட்டிய நேரம், வந்த நேரம், எடை. ஃபீல்டு பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, லேபிள் மட்டும் தமிழ். இங்கே புரிவதற்காகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

எம்பிஓபி (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) லைசன்ஸ் இல்லாதவரிடம் பழம் வாங்கக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் லைசன்ஸ் முடிந்திருந்தால் தேதிப் பெட்டி சிவப்பாக வேண்டும், இன்னும் 30 நாளில் முடியப்போகிறது என்றால் மஞ்சள். நிபந்தனைக்கு ஏற்பக் கலர் மாற்றும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் இரண்டு ரூலும் இருக்கின்றன. ஆனால் எல்லாமே மஞ்சள்தான், சிவப்பைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. தேதியே போடாதவர்களின் பெட்டி ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி வெள்ளையாக நிற்கிறது. போன வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டரில் நிற்கிறார், பணத்தை எண்ணி நீட்டப்போகும் நேரத்தில் தவுக்கே (முதலாளி) ஃபைலைப் புரட்டிப் பார்த்து, "இவருக்கு லைசன்ஸ் மார்ச்சிலேயே முடிஞ்சு போச்சே" என்கிறார். திரையில் மஞ்சள்.

அடுத்தது தரம். காம்போ பாக்ஸில் பழம், காய், வெறுங்குலை, அழுகல் என்று இருக்கும். காய் என்றால் ஆரஞ்சு ஆக வேண்டும். பெட்டியில் "காய்" என்று பளிச்சென்று தெரிகிறது, ரூலிலும் "காய்" என்றுதான் இருக்கிறது, கலர் மட்டும் வருவதில்லை.

தவுக்கேயின் மருமகன் வந்து ஏதோ கோடு (code) எழுதினார். ஒரு வரியைத் தொட்டால் மொத்த வரிசையும் சிவந்தது, அடுத்த வரியைத் தொட்டால் மொத்தமும் வெளுத்தது. எடுத்துவிட்டேன்.

---

பழைய_பைட், தெலுக் இந்தான்:

தங்கச்சி, மருமகன் எழுதிய கோடை எடுத்தது சரி. கன்டினியூஸ் ஃபார்மில் நூறு வரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே பெட்டிதான், அதைத்தான் வரிக்கு வரி வரைந்து காட்டுகிறது. கோடில் அதன் பேக் கலரை (பின்னணி நிறம்) மாற்றினால் எல்லா வரியும் மாறும். வரிக்கு ஒரு கலர் வேண்டுமானால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்தான் வழி.

மஞ்சள் தொல்லை ரூல் வரிசையால் வருவது. ஆக்சஸ் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், முதலில் எது உண்மையோ அந்தக் கலரை அடித்துவிட்டு நின்றுவிடும். மார்ச்சில் முடிந்த லைசன்ஸும் "இன்றிலிருந்து 30 நாளுக்குள்" என்ற கணக்கில் அடங்கிவிடுகிறதே. மஞ்சள் மேலே இருந்தால் சிவப்புக்கு முறை வராது. ரூல் மேனேஜரில் அம்புக்குறியை அழுத்திச் சிவப்பை மேலே ஏற்றுங்கள். 2007 வரைக்கும் ஒரு பெட்டிக்கு மூன்று ரூல்தான், 2010இலிருந்து 50 வரை போடலாம், ஆகவே இடம் பற்றிக் கவலை இல்லை.

---

ரேம்ப்_கிராணி:

அண்ணே, சிவப்பு வந்துவிட்டது, நன்றி. ஆனால் போன வருஷத்து லோடு எல்லாம் இப்போது சிவப்பாக இருக்கிறது. அப்போது லைசன்ஸ் ஒழுங்காகத்தான் இருந்தது. வெள்ளைப் பெட்டியும் காயும் அப்படியே.

---

கிள்ளான்_டேட்டா:

காயைச் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு காலி டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து, கண்ட்ரோல் சோர்ஸில் (பெட்டி எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் இடம்) சமக்குறி போட்டுத் தரம் ஃபீல்டின் பெயரை எழுதிப் பாருங்கள். "காய்" வராது, 2 என்றோ 3 என்றோ ஒரு எண் வரும். காம்போ சேமிப்பது அந்த எண்ணைத்தான். காம்போவின் காலம் விட்த்ஸில் (Column Widths) முதல் அகலம் 0 என்று இருக்கும், அதனால்தான் எண் கண்ணுக்குத் தெரிவதில்லை. ரூலில் "காய்" என்பதை எடுத்துவிட்டு அந்த எண்ணைப் போடுங்கள், மேற்கோள் குறி இல்லாமல்.

இதே சோதனைப் பெட்டியில் ரூலின் நிபந்தனையையும் எழுதிப் பார்க்கலாம். உண்மை என்றால் -1 காட்டும், பொய் என்றால் 0. தேதி போடாத வரியில் இரண்டுமே இல்லாமல் காலியாக இருக்கும். உங்கள் வெள்ளைப் பெட்டிக்குக் காரணம் அதுதான்: இல்லாத தேதியை எதோடு ஒப்பிட்டாலும் பதில் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. அதற்கென்று தனியாக ஒரு ரூல் வேண்டும். எக்ஸ்பிரஷன் இஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, காலியா என்று பார்க்கும் இஸ்நல் (IsNull) ஃபங்ஷனுக்குள் தேதி ஃபீல்டைக் கொடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். சிவப்பைவிட ஊதா நல்லது, "முடிந்தது" வேறு, "தெரியாது" வேறு.

---

பழைய_பைட்:

போன வருஷத்து லோடு சிவந்ததற்குக் காரணம், ரூல் இன்றைய தேதியோடு ஒப்பிடுவது. லோடு வந்த நாளில் லைசன்ஸ் இருந்ததா என்பதுதானே கேள்வி? வந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆக்சஸுக்குத் தேதி என்பது ஒரு எண். முழு எண் நாள், புள்ளிக்குப் பின்னால் வருவது நேரம். லைசன்ஸ் 31ஆம் தேதி முடிகிறது என்றால் அது 31 பிறக்கும் நள்ளிரவு. அன்று காலை பத்து மணிக்கு வந்த லோடின் எண் அதைவிடப் பெரியது. "முடியும் தேதி வந்த நேரத்தைவிடக் குறைவு" என்று எழுதினால், செல்லுபடியாகும் கடைசி நாளிலேயே பாவம் அந்த மனிதரைச் சிவப்பாக்கிவிடும். அதனால் முடியும் தேதியோடு 1 கூட்டி, அது வந்த நேரத்துக்குச் சமமா, குறைவா என்று கேளுங்கள். மஞ்சள் ரூலிலும் இன்றைய தேதியை எடுத்துவிட்டு, வந்த நேரத்தோடு 30 கூட்டிப் போடுங்கள்.

வெட்டிய நேரம் வைத்திருக்கிறீர்களே, வந்த நேரத்திலிருந்து அதைக் கழித்து 2க்கு மேல் என்றால் 48 மணி நேரம் தாண்டிய பழைய குலை. 1 தாண்டினாலே லேசாக ஒரு கலர் கொடுக்கலாம், நேரம் ஆக ஆகப் பழத்தில் அமிலம் ஏறும் என்பது மில்லுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அப்புறம், கலரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பின்னேரம் ஆறு மணிக்கு வரிசையில் எட்டு லாரி நிற்கும்போது யார் கலர் பார்ப்பது? ஃபார்மின் பிஃபோர் அப்டேட்டில் (சேமிப்பதற்குச் சற்று முன் ஓடும் கோடு) அதே நிபந்தனையை எழுதி, கேன்சல் என்பதற்கு ட்ரூ கொடுத்துவிட்டால் சேமிக்கவே விடாது. எச்சரிக்கை வாசகத்தை மலாயில் போடுங்கள். கோடு எழுதும் திரையில் தமிழ் அடித்தால் கேள்விக்குறியாகத்தான் நிற்கும். ஃபீல்டு பெயரை ஆங்கிலத்தில் வைத்த அந்தச் சிங்கப்பூர்க்காரர் விவரமானவர்தான்.

---

ரேம்ப்_கிராணி:

எல்லாம் வேலை செய்கிறது. தரத்தின் எண் 2. மலாய் வாசகத்தைப் பார்த்து லாரி டிரைவர்களே "லெசென் தாமாட்" (லைசன்ஸ் முடிந்தது) என்று சத்தமாகப் படிக்கிறார்கள், எனக்கு வாய் வலி மிச்சம்.

ஒன்றுதான் பாக்கி. கீழே புது லோடு ஏற்றும் காலி வரி எப்போதும் ஊதாவாகவே இருக்கிறது.

---

கிள்ளான்_டேட்டா:

அதிலும் தேதி இல்லையே, அதனால்தான். ஊதா ரூலில் ஆண்ட் (And) போட்டு, லாரி நம்பர் காலியாக இருக்கக்கூடாது என்பதையும் சேருங்கள்: நாட் (Not), இஸ்நல், உள்ளே லாரி நம்பர் ஃபீல்டு. நம்பரை அடித்து அடுத்த பெட்டிக்குப் போன பிறகுதான் ஊதா வரும்.