விடிகாலையில் துப்பாக்கிச் சத்தம், குடிநீர்க் குழாயில் பொத்தல்: என்ன செய்யலாம்?

ஏரிக்கரை செல்வி (கடலூர் மாவட்டம்)

எல்லாருக்கும் வணக்கம். குறிஞ்சிப்பாடி வட்டத்துல ஏரியை ஒட்டின ஒரு ஊராட்சியில டேங்க் ஆபரேட்டரா இருக்கேன். 30,000 லிட்டர் மேல்தொட்டி. போரும் மோட்டார் கொட்டாயும் ஏரிக்கரை அடியில. நாலரை மணிக்கு மோட்டார் போட்டாத்தான் ஆறு மணிக்குத் தெருவுக்குத் தண்ணி விட முடியும்.

ஐப்பசி மழையில ஏரி நிறைஞ்சு சிறகி, நாமக்கோழின்னு நீர்ப்பறவைங்க இறங்கினா, பின்னாலயே வேட்டைக்காரங்களும் வந்துடறாங்க. தலையில லைட்டு, கையில நாட்டுத் துப்பாக்கி. இருட்டுல யாருன்னு தெரியல. நான் நடக்கிற கரைமேலதான் அவங்க சுடறதும்.

கடைசித் தெருவுக்குப் போற பிவிசி பைப், ஏரி நிறைஞ்சா உபரித் தண்ணி வழிஞ்சு போற கலங்கல் ஓடையை மேலாலத் தாண்டுது. வருஷக்கணக்கா வெயில்ல காஞ்ச பைப். போன வாரம் அதுல துப்பாக்கியோட ஈய ரவை பட்டுப் பொத்தல் விழுந்து, கீறலும் விட்டிருக்கு. ஒழுகறதைப் பாத்து நான் கண்டுபிடிக்கல. 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்குல 120 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தறேன். தண்ணியில குளோரின் மிச்சம் இருந்தா மஞ்சளாக் காட்டுற குளோரோஸ்கோப்ல, முதல் தெருவுல மஞ்சள் நல்லா தெரியுது, கடைசித் தெருவுல நிறமே மாறல. அங்க ரெண்டு குழந்தைகளுக்கு வயித்துப்போக்கு வேற. அப்புறந்தான் பைப்பை ஒட்டியே நடந்து பாத்தேன். இப்போதைக்கு சைக்கிள் டியூப் சுத்தி வச்சிருக்கேன்.

பைப்பை எப்படிச் சரி பண்றது? ஏரியில விழற ஈயம் குடிதண்ணியில கலக்குமா? ஊரைப் பகைச்சுக்காம யார்கிட்ட சொல்றது? நான் போகலேன்னா கடைசித் தெரு பொம்பளைங்க வயக்காட்டு மோட்டாருக்குக் குடம் தூக்கிட்டு நடக்கணும், அதனால வேலையை விட்டுடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க.

பாகூர் முன்னாள் ராணுவம்

அம்மா, முதல்ல உங்க உயிர். கரை உச்சியில நடக்காதீங்க. தண்ணிக்கு எதிர்ப்பக்கம், வெளிச்சரிவோட அடியில நடங்க. மண்கரையைத் துளைச்சுக்கிட்டு எந்த ரவையும் வராது. சின்ன ரவைகூட 200 மீட்டர் போகும், கண்ணுல பட்டா பார்வை போயிடும். தண்ணிமேல சாய்வாப் பட்ட ரவை உள்ள போகாம எகிறி எதிர்க்கரைக்கு வரும். அதனால "அவங்க அந்தப் பக்கம்தானே சுடறாங்க"ன்னு நம்பாதீங்க.

இருட்டுல சுடறவன் சலசலப்பையும் கண்ணு மினுக்கையும் பாத்துச் சுடறான். சத்தம் போட்டுப் பேசிக்கிட்டே, டார்ச்சை அணைக்காமப் போங்க. தூய்மைப் பணியாளர் போடற மினுங்குற ஆரஞ்சுச் சட்டை ஒண்ணு ஊராட்சியில கேட்டு வாங்குங்க. தனியா வேண்டாம்.

புதர்ல துப்பாக்கி கிடந்தாலும் தொடாதீங்க. நாட்டுத் துப்பாக்கியில மருந்து கெட்டிச்சிருக்கான்னு பாத்துச் சொல்ல முடியாது, ஈர மருந்து தாமதமாவும் வெடிக்கும். பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய்ங்கற வெடி உருண்டையும் அப்படித்தான். மாடு கடிச்சு வாய் கிழிஞ்சதை நானே பாத்திருக்கேன். நேர்ல போய் சண்டை வேண்டாம், 112க்குப் போன் பண்ணுங்க.

குழாய்க்காரன்

அக்கா, குளோரின் வச்சு நீங்க பிடிச்சதுதான் சரியான வழி. கடைசிக் குழாயிலயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும். பொத்தல் வழியா தண்ணி வெளிய போறது சின்ன நஷ்டம். வால்வை மூடினதும் பைப்புல அழுத்தம் இறங்கும், அப்ப வெளியில இருக்கிற அழுக்கை அதே பொத்தல் உள்ள இழுக்கும். மழையில ஓடை பொங்கி பைப் முழுகுற நேரம் ரொம்ப மோசம். ஊர்ல இருக்கிற சாக்கடை அத்தனையும் அந்த ஓடையிலதானே கலக்குது!

டியூப்பை நம்பாதீங்க. அந்தத் துண்டை அறுத்து எடுத்துட்டு, ஓடை தாண்டுற இடத்துக்கு மட்டும் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) போடுங்க. வேலை முடிஞ்சதும் குளோரின் கூடுதலாப் போட்ட தண்ணியை நிரப்பி ஒரு ராத்திரி வச்சிருந்து, கடைசிக் குழாயைத் திறந்து வெளியேத்துங்க. அதுக்கப்புறம் குடிக்க விடுங்க. அதுவரைக்கும் கடைசித் தெருவுல காய்ச்சித்தான் குடிக்கணும்னு வீடு வீடாச் சொல்லிடுங்க.

ஈயத்துக்கு குடிநீர்ல வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆழமான போருக்கு ஏரி ரவையால உடனே ஆபத்து வரும்னு நான் பயப்பட மாட்டேன். ஆனா ஊராட்சியில இருக்கிற சோதனைப் பெட்டி ஈயத்தைக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, ஈயத்தையும் பாக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க. பறவைக்குத்தான் நிஜமான கேடு. சேத்துல கிடக்கிற ஈய ரவையைக் கல்லுன்னு முழுங்கி விஷமேறிச் சாகும்.

பண்ருட்டி விவசாயி

எல்லாத் துப்பாக்கியையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. பன்றி ஒரு ராத்திரியில என் மல்லாட்டைக் கொல்லையைப் பாழாக்கிட்டுப் போயிடுது. நாங்க என்ன செய்ய?

ஆயக்கட்டு

அண்ணே, உங்க வேதனை நிஜம். ஆனா காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்றியைச் சுட 2025 ஜனவரியில வந்த அனுமதி வனத்துறைக்குத்தான், நமக்கில்ல. பறவைக்கு அதுவும் கிடையாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு 3 வருஷம் வரை சிறை, 2022 திருத்தத்துக்கப்புறம் அபராதம் 1 லட்சம் வரை.

செல்வி அக்கா, தனி ஆளா புகார் எழுதாதீங்க. கிராம சபையில தீர்மானமாக் கொண்டு வாங்க. நவம்பர் 1 கூட்டம் பறவை வர்ற நேரத்துலதான் வருது. பேர் யாரையும் சொல்லாம, "ஏரிக்கரையில சுடறதால குடிநீர்க் குழாய் சேதம்"னு மட்டும் எழுதுங்க. நகல் வனச்சரகருக்கும் காவல் நிலையத்துக்கும் போகட்டும். ஊரே கையெழுத்துப் போட்டா பகை ஒருத்தர் தலையில விழாது. வேடந்தாங்கல்காரங்க 1790கள்லயே வெள்ளைக்காரக் கலெக்டர்கிட்ட போய், எங்க ஏரியில சுடக்கூடாதுன்னு உத்தரவு வாங்கினாங்க. பறவை எச்சம் கலந்த தண்ணி பாஞ்சா நெல் நல்லா விளையும்னு அவங்களுக்குத் தெரியும்.

ஏரிக்கரை செல்வி

எல்லாருக்கும் நன்றி. தலைவர்கிட்ட பேசிட்டேன். மாசி வரைக்கும் வெளிச்சம் வந்த பிறகு மோட்டார் போட்டு, ஏழரைக்குத் தண்ணி விட ஒத்துக்கிட்டாங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க வீட்டுக்குக் கஷ்டந்தான், அதனால முந்தின சாயங்காலமே பாதித் தொட்டி ஏத்தி வைக்கப் போறேன். கடைசித் தெருவுல காய்ச்சிக் குடிக்கச் சொல்லிட்டேன்.

குழாய்க்கார தம்பி, ஓடை அகலம் பத்து மீட்டர் இருக்கும். ஜிஐ பைப் நடுவுல தொங்காதா?

குழாய்க்காரன்

ஒரு பைப் 6 மீட்டர்தான் வரும் அக்கா, ரெண்டு வேணும். இணைப்பு வர்ற இடத்துக்கு அடியில ஓடைக்குள்ள ஒரு கான்கிரீட் தூண், ரெண்டு கரையிலயும் ஒவ்வொரு தாங்கி. வெள்ளம் ஏறின அடையாளம் கரை மரத்துல தெரியும், அதுக்கு மேல பைப் இருக்கிற மாதிரி உயரம் வைக்கச் சொல்லுங்க.