வாடகை வீட்டில் போட்ட பணமும் அதற்காக விட்டுக்கொடுப்பதும்

வாடகைக்கு விட வீடு வாங்குபவர்கள் டவுன் பேமென்ட்தான் பெரிய தியாகம் என்று நினைக்கிறார்கள். அது ஒருநாள் வலி. மாதாமாதம் விழும் துண்டுதான் ஆளைக் கரைக்கும். வீட்டு விலை 100 பங்கு என்று வையுங்கள். கைப்பணம் 20, கடன் 80, வட்டி 9%, காலம் 20 ஆண்டு. ஆண்டுத் தவணை மட்டும் சுமார் 8.6 பங்கு. வாடகை ஆண்டுக்கு வீட்டு விலையில் 4% என்றால் மீதி 4.6 பங்கு சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் இதற்கு மேல். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் ஆண்டு வாடகையில் 8.3% போய்விடும்.

முதல் தவணையில் 83% வட்டிக்கே போகிறது. 5 ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசலில் 11% சொச்சம்தான் குறைந்திருக்கும். சலித்துப்போய் இந்தக் கட்டத்தில் விற்பவர்கள் உண்டு. பட்ட கஷ்டத்தில் பெரும்பகுதி வட்டியாகப் போயிருக்கும்.

* * *

மேலே உள்ள கணக்கு வட்டி மாறாது என்று வைத்துப் போட்டது. மாறும் வட்டிக் கடனில் 9% என்பது 10.5% ஆனால் தவணை 11% ஏறும். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டச் சொன்னால் 20 ஆண்டுக் கடன் 34 ஆண்டைத் தாண்டும். வங்கி தானாகவே நீட்டிவிடுவதும் உண்டு. ஆகவே வட்டி மாறும்போதெல்லாம் மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

இதில் உண்மையில் பறிபோவது வேலையை விடும் சுதந்திரம். பிடிக்காத வேலை, படிப்புக்காக ஓர் இடைவெளி, சொந்தத் தொழில் எல்லாமே தவணைக்குக் கட்டுப்பட்டு நிற்கும். 6 மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தனிக் கணக்கில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். குடியிருப்பவர் கொடுத்த முன்பணத்தை அந்தக் கையிருப்பில் சேர்க்கவே கூடாது. அது திருப்பித் தர வேண்டிய பணம். அதைச் செலவழித்துவிட்டு, அவர் காலி செய்யும்போது புதிதாக வருபவரின் பணத்துக்குக் காத்திருப்பதில்தான் பாதிச் சண்டைகள் ஆரம்பிக்கின்றன.

* * *

பணத்தைப் பற்றி நிறைய பேசியாயிற்று, நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும் இடைவெளி விடுமுறை நாட்களை விழுங்கும். வேலை வரிசை மாறினால் செலவு இரட்டிக்கும். முதலில் குழாய், ஒழுகல். அடுத்து மின்சாரம். பிறகு சுவர்ப் பூச்சு, பெயின்ட். கடைசியாகத் தரையைக் கழுவி, பூட்டை மாற்ற வேண்டும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பெயின்ட் அடித்தால் சில வாரங்களில் உப்புப் பூத்து உரியும். பெரும்பாலும் மேலேயுள்ள குளியலறைத் தரையின் மூலையிலோ, கழிவுக் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்திலோதான் கசிவு இருக்கும்.

நள்ளிரவு அழைப்புகளைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி உண்டு. தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு, மின் இணைப்பின் மெயின் சுவிட்ச் இரண்டிலும் சீட்டு ஒட்டி, குடிவரும் நாளிலேயே அவரைத் தம் கையால் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே நாளில் மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு அறையின் வீடியோ மூன்றையும் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும்.

* * *

குடும்பத்தின் பங்கையும் கணக்கில் எடுங்கள். செலவைக் குறைக்க ஒரே வீட்டில் ஒரு பகுதியில் தாம் இருந்துகொண்டு இன்னொன்றை வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. கடன் சீக்கிரம் அடையும் என்பது நிஜம். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தனிமை போய்விடும். பகல் முழுவதும் கதவு தட்டப்படுவது, வேலைக்குப் போனவருக்குத் தெரியாது. குழந்தைகள் ஓடினால் கீழே சத்தம் கேட்கிறது என்று அவர்களை அடக்க வேண்டி வரும். இந்த ஏற்பாட்டுக்குப் போகும் முன் வாசல், மின் மீட்டர், தண்ணீர்த் தொட்டி மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். பிரிக்கவே முடியாத வீடு என்றால், குறைந்தபட்சம் மோட்டார் போடும் நேரத்தையும் அதன் மின் செலவை யார் எவ்வளவு கொடுப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.