கத்தோலிக்க மருத்துவமனையில் வேலை: காப்பீட்டில் கருத்தடை கிடையாதாம், என்ன வழி?

கேள்வி: சான்ஹோசே_கவி

கலிஃபோர்னியாவில் ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில் அடுத்த மாதம் சேர்கிறேன். கருத்தடை மாத்திரை, ஐயுடி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்), குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை எதற்கும் பணம் தரமாட்டோம் என்று பெனிஃபிட்ஸ் கையேட்டில் இருக்கிறது. ஒபாமாகேரில் இதெல்லாம் இலவசம் என்றுதானே சொன்னார்கள்? ஹார்மோன் ஐயுடி வைத்துக்கொள்ள நினைக்கிறேன். பழைய கம்பெனி பிளான் இந்த மாதக் கடைசி வரை உண்டு.

பதில் 1: சட்டக்குறிப்பு

சொன்னது சரிதான், விலக்குகளைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஒபாமாகேர் எனப்படும் 2010 சட்டத்தின்கீழ் 2011-இல் வந்த மகளிர் நலப் பட்டியல்தான் கருத்தடையைக் கோபே (நம் கையிலிருந்து கட்டும் பங்கு) இல்லாமல் தரச் சொன்னது. தேவாலயங்களுக்கு முழு விலக்கு. மருத்துவமனை, கல்லூரி போன்ற மதம் சார்ந்த லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு 2013-இல் ஒரு மாற்று ஏற்பாடு வந்தது: முதலாளி ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தால் போதும், காப்பீட்டு நிறுவனமே தனியாகப் பணம் கட்டும். ஊழியருக்கு நஷ்டமில்லை.

ஹாபி லாபி என்ற கடை நிறுவனத்தின் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சிலர் கையில் மட்டும் பங்குகள் உள்ள தனியார் கம்பெனிகளுக்கும் ஆட்சேப உரிமை தந்தது. அந்த வழக்கில் எதிர்த்தது இரண்டு அவசர மாத்திரைகளையும் இரண்டு வகை ஐயுடியையும்தான். 2018 விதிகளில் கதை மாறியது: விலக்கு விரிந்தது, மாற்று ஏற்பாடு முதலாளியின் விருப்பமாகிவிட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அதை ஏற்றது. 2025 ஆகஸ்டில் பென்சில்வேனியா மாவட்ட நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது, அதன்மேல் மேல்முறையீடு. ஆகவே இணையத்தில் படிக்கும் எதற்கும் தேதி பாருங்கள்.

பதில் 2: பெனிஃபிட்ஸ்_மேசை

சட்ட வரலாற்றைவிட உங்களுக்கு முக்கியம் பிளான் எந்த வகை என்பது. அட்டையில் பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவர்கள் பில் பார்க்கும் வேலை மட்டும் செய்பவர்களாக இருக்கலாம். ஹெச்ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள் (ஃபோனில் வேண்டாம்): இது ஃபுல்லி இன்ஷ்யூர்டா (காப்பீட்டு நிறுவனமே செலவை ஏற்பது), செல்ஃப் ஃபண்டடா (முதலாளியே தன் பணத்தில் செலவை ஏற்பது)? சர்ச் பிளானா (தேவாலயம் அல்லது அதைச் சார்ந்த அமைப்பு நடத்துவது)? கருத்தடைக்கு மட்டும் தனி அட்டை உண்டா?

ஃபுல்லி இன்ஷ்யூர்டு என்றால் கலிஃபோர்னியா சட்டம் உங்கள் பக்கம். 1999 சட்டத்தில் மத முதலாளி என்பதற்கு வரையறை மிகக் குறுகலானது. கத்தோலிக்க அறக்கட்டளை அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2004-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. எல்லா மதத்தவருக்கும் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்த வரையறைக்குள் வருவது கடினம்.

ஆனால் பெரிய மருத்துவமனைகள் பெரும்பாலும் செல்ஃப் ஃபண்டட். எரிசா என்ற மத்திய ஊழியர் பலன் சட்டத்தின்கீழ் வரும் அப்படிப்பட்ட பிளானை மாநிலக் காப்பீட்டுச் சட்டம் தொடாது. சர்ச் பிளான் என்றால் இன்னொரு சிக்கல்: அது எரிசாவுக்கு வெளியே இருப்பதால், மாற்று ஏற்பாடு இருந்தாலும் பில் பார்க்கும் நிறுவனத்தைப் பணம் கட்டவைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கிடையாது. தனி அட்டை உண்டா என்று கேட்கச் சொன்னது அதனால்தான்.

பதில் 3: நடுநிலை_அல்ல

எல்லாரும் முதலாளியை வில்லனாக்குகிறீர்கள். 1993-ஆம் ஆண்டின் மதச் சுதந்திரச் சட்டம் தெளிவாக இருக்கிறது: ஒருவரின் மத நம்பிக்கைமேல் அரசு கனமான சுமை ஏற்றினால், அதற்கு வலுவான காரணமும் வேண்டும், அதைவிடக் குறைந்த இடையூறுள்ள வழி இல்லை என்றும் காட்ட வேண்டும். பாவம் என்று நம்பும் செயலைத் தொடங்கிவைக்கும் படிவத்தில் வழக்குத் தொடுத்த கன்னியாஸ்திரிகள் ஏன் கையெழுத்திட வேண்டும்? அரசே நேரடியாகக் கொடுக்கட்டுமே.

பதில் 4: சட்டக்குறிப்பு

கொடுக்கட்டும், ஆனால் அதற்கான பணத்தை யாரும் ஒதுக்கவில்லை. இன்னொன்று: ஹாபி லாபி தீர்ப்பில் "குறைந்த இடையூறுள்ள வழி இருக்கிறதே" என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டியதே இந்த மாற்று ஏற்பாட்டைத்தான். பிறகு அதுவும் ஒப்பாது என்று வழக்கு வந்தது. நம்பிக்கையைக் குறைசொல்லவில்லை; செலவு ஊழியர் தலையில் விழுகிறது என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம்.

பதில் 5: கிளினிக்_பில்லிங்

வாதம் இருக்கட்டும். கவி, பழைய பிளான் முடிவதற்குள் ஐயுடியை வைத்துவிடுங்கள். மிரேனா என்ற ஹார்மோன் ஐயுடி கருத்தடைக்கு 8 ஆண்டு வரை அனுமதி பெற்றது. இன்றே கிளினிக்கை அழைத்து சாதனம் கையிருப்பில் இருக்கிறதா, ஆலோசனையும் பொருத்துதலும் ஒரே நாளில் முடியுமா என்று கேளுங்கள். ஆர்டர் போட்டு வரவழைக்கும் இடத்தில் மாதம் கடந்துவிடும். கத்தோலிக்கக் குழுமத்தைச் சேர்ந்த கிளினிக் வேண்டாம். ஆயர் பேரவையின் நெறிமுறைப்படி கருத்தடைக்காக அவர்களே வைக்கமாட்டார்கள், உங்கள் காப்பீடு எதுவானாலும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் 58300 (பொருத்துதல்), ஜே7298 (மிரேனா), இசட்30.430 (எதற்காக வந்தீர்கள் என்ற குறிப்பு) என்ற பில்லிங் கோடுகளைச் சொல்லி, கோபே பூஜ்யமா என்று கேட்டு, அழைப்பு எண்ணைக் குறித்துவையுங்கள். கழற்றுவதற்கு 58301, அதற்குப் புதிய பிளான் தராமல் போகலாம்.

அதிக மாதவிடாய்ப்போக்கு உண்மையிலேயே இருந்தால் அந்த நோய்க்குறிப்பில் சில கத்தோலிக்க பிளான்கள் ஹார்மோன் ஐயுடியை ஏற்கும், ஆனால் டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) பொருந்தும். இல்லாத நோயை எழுதச் சொல்லாதீர்கள், அது மோசடி. மாத்திரை போதுமென்றால் ஓப்பில் என்ற கருத்தடை மாத்திரை மருந்துச்சீட்டின்றிக் கிடைக்கிறது, அறிமுக விலை மாதம் சுமார் 20 டாலர். எச்எஸ்ஏ (வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்திலும் வாங்கலாம்.

சான்ஹோசே_கவி

கிளினிக்கில் சாதனம் இருக்கிறதாம், வியாழக்கிழமை நேரம் கிடைத்தது. ஹெச்ஆருக்கும் மின்னஞ்சல் போட்டாயிற்று.