புகார் கொடுக்க வேண்டும், பயமாகவும் இருக்கிறது: வழி சொல்லுங்கள்

எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டச் சொன்னதில் உடன் வேலை செய்யும் அண்ணன் இரண்டு விரல்களை இழந்தார். மறுநாள் பரிசோதனைப் பதிவேட்டில் காலியாகக் கிடந்த கட்டங்கள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரம்பியிருந்தன. படம் எடுத்து வைத்திருக்கிறேன். வாயைத் திறந்தால் வேலை மட்டும் போகாது என்கிறார் மேற்பார்வையாளர். என் மகள் பள்ளிக்குப் போகும் நேரத்தையும் சொன்னார்.

புகார் கொடுத்ததற்காகப் பணிநீக்கம் கூடாது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு உடன்படிக்கை. வீட்டு வாசலில் யார் காவல் நிற்பார்கள்? பேசாமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை.

பெயர் வெளிவராமல் புகார் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? முதலில் வழக்கறிஞரையா, தொழிற்சங்கத்தையா பார்ப்பது? மிரட்டலைக் காவல் நிலையத்தில் இப்போதே பதிவு செய்யலாமா?