‘த ஹங்கர் கேம்ஸ்’: நாவலிலிருந்து தொடங்குவதா, படத்திலிருந்து தொடங்குவதா?

பொகவந்தலாவை ஆசிரியை கேட்டது:

வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 10, 11 மாணவர்களுக்காக ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறேன். சூசன் கொலின்ஸ் 2008இல் எழுதிய ‘த ஹங்கர் கேம்ஸ்’ நாவலையும், அதைத் தழுவிக் கேரி ரொஸ் இயக்கி 2012இல் வெளிவந்த திரைப்படத்தையும் அடுத்த தவணையில் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். மாவட்டங்களிலிருந்து பெயர்ச் சீட்டு எடுத்துப் பிள்ளைகளைத் தேர்ந்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வைத்து, அதைத் தொலைக்காட்சியில் காட்டும் ஒரு கற்பனை நாட்டின் கதை அது. நாவலை ஆங்கிலத்தில் படித்து, பகுதி பகுதியாக நானே தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். படம் 142 நிமிடம் என்பதால் நான்கு பாடவேளைகள் தேவைப்படும். சில பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு வில்லும் அம்பும் தீப்பற்றி எரியும் உடையும் நினைவிருக்கின்றன. கதை நாயகி காட்னிஸின் வீட்டில் ஏன் அத்தனை பசி என்பது ஒருவருக்கும் நினைவில்லை. படம் எதை விட்டுவிட்டது? நான் எங்கிருந்து தொடங்கலாம்?

கொட்டகலை வாசகர்:

டீச்சர், பெயர்ச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். பன்னிரண்டு வயதில் ஒரு சீட்டு, அதன் பின் ஆண்டுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான விதி. ஆனால் இல்லாத வீட்டுப் பிள்ளை இன்னொரு சீட்டுப் போடச் சம்மதித்தால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும், அதுவும் சொற்பமாக, கிடைக்கும். போட்ட சீட்டு அடுத்த ஆண்டும் குடத்திலேயே கிடக்கும். பதினாறு வயதுக் காட்னிஸுக்கு வயதுக்காக 5 சீட்டுகள், தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக ஆண்டுக்கு மூன்று வீதம் ஐந்தாண்டுக்கு 15, ஆக 20. அவளுடைய நண்பன், பதினெட்டு வயதுக் கேலின் வீட்டில் ஐந்து வயிறுகள். அவன் பெயர் 42 முறை குடத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். படத்தில் கேல் 42 என்று ஒருமுறை சொல்கிறான். கூடுதல் உணவு வாங்காதே என்று காட்னிஸ் விடைபெறும்போது தங்கையிடம் சொல்கிறாள். அவ்வளவுதான். கதையின் உயிர்நாடியை இரண்டு வசனங்களில் கடந்துவிட்டார்களே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தனியே உவமை தேட வேண்டியதில்லை. தோட்டம் நிர்ணயித்த கிலோக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் கூலி, குறைந்தால் அரைப் பேர் என்றுதானே நம் வீடுகளில் பேசுகிறோம்? என் அம்மா மழையில் நனைந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்கும் முன்பே “இன்னைக்கு அரைப் பேருதான்” என்பார். மாதக் கடைசியில் கடையில் எவ்வளவு கடன் நிற்கும் என்று நாங்கள் மனத்திற்குள் கணக்குப் பார்ப்போம். பெயர் சோறாக மாறுவதை அறிந்த பிள்ளைகள் அந்தக் குடத்தை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

பண்டாரவளைப் பார்வையாளர்:

சீட்டைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. ஆயினும் முழுக் கதையையும் நம் தோட்ட வாழ்வாகவே வாசித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் போட்டி நிகழ்ச்சியும் இன்னொன்றில் ஈராக் போர்க் காட்சிகளும் கலந்து தெரிந்ததே தமக்குத் தூண்டுதலானது என்று கொலின்ஸ் கூறியிருக்கிறார். ஆகவே இது பசியைப் பற்றிய கதை என்பதோடு, பிறர் சாவதை உட்கார்ந்து பார்ப்பவர்களைப் பற்றிய கதையுமாகும். இந்த இடத்தில் படம் நாவலை விட முன்னே செல்கிறது என்பேன். நாவல் முழுவதும் காட்னிஸே சொல்வதால் அவள் காணாததை நாமும் காண முடியாது. படமோ போட்டியை நடத்துவோரின் கட்டுப்பாட்டு அறைக்குள் நம்மை அழைத்துச் சென்று, அமைதியாக அமர்ந்து காட்டுக்குள் தீயை ஏவுகிறவர்களின் முகங்களைக் காட்டுகிறது.

ஆனால் ஒன்றை இழந்திருக்கிறது. போட்டியில் காட்னிஸுடன் கூட்டுச் சேர்ந்த சிறுமி ரூ இறந்த பின் அவளுடைய பதினோராவது மாவட்டத்து மக்கள், விளைவித்தும் வயிறார உண்ணாதவர்கள், காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறார்கள். வேறு மாவட்டத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு கொடை அதற்கு முன் சென்றதில்லை. படத்தில் அந்த ரொட்டி இல்லை. அதற்குப் பதில் அம்மக்கள் கலகம் செய்கிறார்கள். கலகம் கண்ணுக்கு விறுவிறுப்பானது. எனக்கு அந்த ரொட்டியே பெரிது.

மஸ்கெலியா:

ஒரு சிறு தகவல். காட்னிஸின் மாவட்டத்துக் காட்சிகளை வட கரோலினாவிலுள்ள ஹென்றி ரிவர் என்ற கைவிடப்பட்ட ஆலைக் கிராமத்தில் எடுத்தார்கள். அந்த மர வீடுகள் படத்திற்காகக் கட்டப்பட்டவை அல்ல. நூலாலை தன் தொழிலாளருக்குக் கட்டிக் கொடுத்தவை. அந்தக் காட்சியில் படத்தைச் சற்று நிறுத்தி, வீடுகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொகவந்தலாவை ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. முதல் வாரம் நாவலின் தொடக்கத்தைச் சொல்லி, சீட்டுக் கணக்கைப் போடுவோம். அதன் பிறகு படத்தில் பெயர் எடுக்கும் காட்சி வரை மட்டும் காட்டி நிறுத்துகிறேன். ரொட்டி வரும் பக்கங்களைச் சுருக்காமல் முழுமையாகச் சொல்வேன். சீட்டு என்பதற்குப் பதில் ‘துண்டு’ என்றே சொல்லலாமா என்றும் யோசிக்கிறேன். கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்திற்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்த அந்தக் காலத்துத் துண்டு 1921இல் ஒழிந்தாலும், எங்கள் லயத்துப் பெரியவர்களின் பேச்சில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. அதன் பொருளை வீட்டில் கேட்டு வருமாறு திங்கட்கிழமை பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன்.